"தோப்புக்குப் புதுமை மானியம்" என்று வருகிறவரிடம் சிட்டா நகலைக் கொடுத்துவிடாதீர்கள்

கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களும், கேரள எல்லை தாண்டி எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறையில் இருக்கிற நம் ஆட்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நீளமாகத்தான் இருக்கும். சுருக்கிச் சொன்னால் ஆசைப்பட்டு ஏமாந்தான் என்று தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள்.

எனக்கு நாலு ஏக்கர் இருபது சென்ட், முழுக்கத் தென்னை. கேரள வேர் வாடல் நோய் வந்து முப்பத்தெட்டு மரம் வெட்டியாயிற்று. மிச்சத்தைக் காப்பாற்றப் பத்து வருடமாக ஒரு வேலை செய்து வருகிறேன். இரண்டு வரிசைக்கு நடுவில் குழி எடுத்து, தேங்காய் உரிமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் மண் போட்டு மூடுவது. மட்டை தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கோடையில் அந்த இடத்தைக் கிளறினால் கையில் ஈரம் ஒட்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்கு இது சிரிப்பு. நார் எடுக்கிற மஞ்சி மில்லுக்குப் போட்டால் காசாகிற மட்டையை மண்ணில் புதைக்கிறான் என்பார்கள்.

போன ஆடியில், காற்று தலையைப் பிய்த்துக்கொண்டு அடித்த ஒரு நாளில், இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் அரைத் தமிழும் அரை மலையாளமுமாகப் பேசினார். சின்னவன் நம் பக்கத்துப் பேச்சு. நேராகத் தோப்புக்குள் போய், உரிமட்டைக் குழி முன்னால் குந்தி உட்கார்ந்து, மண்ணை அள்ளிப் பார்த்துவிட்டுச் சின்னவன் சொன்னான்: "ஏனுங்ணா, இதைத்தானுங்க கவர்மெண்டு புதுமைன்னு சொல்லுது. நீங்க பத்து வருசமா சும்மா பண்ணிட்டு இருக்கீங்க."

சரி, அங்கேயே நான் விழுந்துவிட்டேன். பத்து வருடத்தில் அந்தக் குழியைப் பார்த்து ஒருவர் நல்ல வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான். என் வீட்டுக்காரி மட்டும் மோர் கொடுத்துவிட்டு உள்ளே வந்து, "மண்ணைப் பாத்துட்டு மரத்தைப் பாக்கவே இல்லைங்களே" என்றாள். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உரிமட்டைக் குழி, மூடாக்கு (இலை தழையால் மண்ணை மூடி வைப்பது), பண்ணைக்குட்டை, சொட்டுநீர் எல்லாம் சேர்த்து "மண் நீர் பாதுகாப்புப் புதுமை மானியம்" என்று ஒன்று இருக்கிறதாம். ஏக்கருக்கு ஒன்றரை லட்சம் வரை கிடைக்குமாம். வழவழப்பான தாளில் தமிழில் அச்சடித்த விவரக் குறிப்பு கொடுத்தார்கள். கோப்புச் செலவு, மண் ஆய்வு, ட்ரோன் அளவு என்று 18,500 ரூபாய் வாங்கினார்கள். சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், தாசில்தார் கொடுத்த சிறு விவசாயி சான்று, எல்லாவற்றுக்கும் நகல் போனது. ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டேன், அதில் இரண்டு தாள் வெற்றுத்தாள். மறுநாள் ஃபோனுக்கு ஒரு எண் வந்தது. கேட்டார்கள், சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து ஆட்கள் வந்து, வீட்டை ஒட்டின ஒன்றரை ஏக்கருக்குச் சொட்டுநீர் டியூப் போட்டார்கள். "இது முதல் தவணைங்ணா, மானியம் வந்ததும் மிச்சம்." மகளைக் கல்லூரியில் சேர்க்க நான் கோயம்புத்தூர் போயிருந்த நாளில் யாரோ வந்து, டியூப் போட்ட இடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று வீட்டில் சொன்னார்கள். மார்கழிக்குப் பிறகு ஃபோன் எடுக்கவில்லை.

அந்த டியூபைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல டியூப் என்றால் அதன் மேலேயே கம்பெனிப் பெயர், ஐஎஸ்ஐ முத்திரை, தர எண், தயாரித்த காலம் எல்லாம் இடைவெளி விட்டு அச்சாகி இருக்கும். எனக்குப் போட்டதில் ஒரு எழுத்தும் இல்லை. இரண்டு விரலால் அழுத்தினால் சைக்கிள் டியூப் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. மாசியிலேயே டிரிப்பர் செருகின ஓட்டையெல்லாம் வாய் பிளந்து, மோட்டார் போட்டால் மரத்தடிக்குப் போக வேண்டிய தண்ணீர் வரப்பில் பீய்ச்சியடித்தது. முதலில் அணில் கடித்தது என்றுதான் நினைத்தேன். பாவம் அணில்.

போனால் போகிறது என்று, மிச்ச நிலத்துக்காவது முறையாகப் போடலாம் என்று வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு நானே போனேன். அங்கிருந்த பெண் ஆதார் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயர், என் அப்பா பெயர், என் சர்வே எண், நாலு ஏக்கர் இருபது சென்ட், சொட்டுநீர் அமைத்து முடிந்தது. "உங்க பேர்ல போன வருசமே முடிஞ்சிருக்குதுங்களே. நல்லபடியா போட்டுட்டாங்கன்னு நீங்க எழுதிக் குடுத்த லெட்டரும் இருக்குது." அந்த இரண்டு வெற்றுத்தாளில் ஒன்று அது.

விஷயம் இதுதான். தமிழ்நாட்டில் ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர் முழு மானியத்தில் கிடைக்கிறது, மற்றவர்களுக்கு 75 சதவீதம். 2015இல் பிரதமரின் நீர்ப்பாசனத் திட்டத்தில் தொடங்கியது, மத்திய, மாநிலப் பங்கு சேர்ந்து வரும் பணம் இது. ஆனால் அது நம் கைக்கு வராது. வேலை முடிந்தது என்று நாம் ஒப்புக்கொண்டதும், போட்டுக் கொடுத்த கம்பெனிக்கு நேராகப் போகும். ஒருமுறை வாங்கிய நிலத்துக்கு மறுபடி கேட்க ஏழு வருடம் ஆக வேண்டும். ஆக, இல்லாத ஒரு மானியத்தைக் காட்டி, எனக்கு உண்மையாகவே இருந்த மானியத்தை என் பெயரிலேயே எடுத்துக்கொண்டார்கள். 18,500 போனதை ஒரு தேங்காய்ப் பறியில் சரிக்கட்டிவிடுவேன். இந்த ஏழு வருடத்தை எந்தப் பறியில் சரிக்கட்டுவது?

அந்த விவரக் குறிப்பை மகள் பார்த்ததும் சிரித்தாள். "அப்பா, படத்துல இருக்கிறவர் ஸ்வெட்டர் போட்டிருக்கார். பின்னாடி மரத்துல ஒரு இலை இல்லை." அவள் தேடிப் பார்த்துச் சொன்னாள்: அது அமெரிக்கத் திட்டம். அங்கே வேளாண் துறைக்குக் கீழே இயற்கை வளப் பாதுகாப்புக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. புழுதிப் புயல் காலத்தில், 1935இல், மண்ணைக் காக்கவென்று தொடங்கியதாம். 2002ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தின்படி, மண்ணையும் நீரையும் காக்கும் புது முறைகளைச் சோதித்துப் பார்ப்பதற்கு அவர்கள் மானியம் தருகிறார்கள். அதுவும் திட்டம் எழுதிக் கொடுத்துப் போட்டியில் ஜெயிப்பவர்களுக்கு. என்னிடம் வந்த ஆட்கள் அதை அப்படியே தமிழாக்கி, டாலரை ரூபாயாக்கி, ஆனைமலையில் விற்றிருக்கிறார்கள். அந்த ஊர்த் திட்டத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நல்ல திட்டம்தான் போலிருக்கிறது.

அந்த இரண்டு பேர் பேசியதில் பாதி நிஜம், அதனால்தான் சந்தேகம் வரவில்லை. இயற்கை முறைக்கு மாறுகிறவர்களுக்கு 2015இல் இருந்தே மத்திய திட்டம் ஒன்று குழு வழியாக நடக்கிறது. இயற்கை விவசாயத்துக்கென்று தனி இயக்கத்துக்கு 2024 நவம்பரில் 2,481 கோடி ஒதுக்கினார்கள். இதெல்லாம் பேப்பரில் வந்த செய்தி. அவர்கள் அதையெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு, நடுவில் தங்கள் சரக்கைச் சொருகினார்கள். ஆனால் எந்தத் திட்டத்திலும் வீட்டுக்கு வருகிற ஆளின் கையில் பணம் கொடுத்துப் பதிவு செய்கிற வேலை கிடையாது. உழவன் செயலியிலோ விரிவாக்க மையத்திலோ நாமே பதியலாம். கேரளப் பக்கம் என்றால் பஞ்சாயத்துக்கு ஒரு கிருஷி பவன், அதாவது வேளாண் அலுவலகம், இருக்கிறது, நேராக அங்கே போய்விடுங்கள். வடகரப்பதியில் இருக்கிற என் மச்சான் அப்படிப் போகாமல், நில வரி ரசீது நகலோடு 12,000 கொடுத்தார். அவருக்கு அந்த ஓட்டை டியூப்கூட வரவில்லை.

புகார் கொடுத்த கதை தனி. இங்கே போனால், அவர்கள் அலுவலகம் கேரளாவில்தானே, அங்கே கொடுங்கள் என்றார்கள். அங்கே போனால், நிலம் தமிழ்நாட்டில், பணம் கைமாறியதும் தமிழ்நாட்டில், நாங்கள் என்ன செய்ய என்றார்கள். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நாள், அந்தப் பக்கம் ஒரு நாள் என்று ஐந்து தடவை அலைந்தேன். கடைசியில் இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்து, மனு ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குக் கூப்பிட்டதில், கையில் கொடுத்த ரொக்கத்துக்குத் தடம் இல்லை என்றார்கள், ஜிபேயில் போட்ட 6,000க்கு மட்டும் புகார் எண் கிடைத்திருக்கிறது. உங்களில் யாராவது பணம் போட்டிருந்தால் அன்றைக்கே அந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், என்னைப் போல மார்கழி வரை காத்திருக்காதீர்கள். பணம் கொடுக்காமல் காகிதம் மட்டும் கொடுத்திருந்தாலும், விரிவாக்க மையத்தில் உங்கள் ஆதார் எண்ணைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

முந்தாநாள் மீனாட்சிபுரம் பக்கமிருந்து பெரியப்பா மகன் கூப்பிட்டான். தோப்புக்கு இரண்டு பேர் வந்து, மூடாக்கைப் பார்த்துவிட்டு ரொம்பப் பாராட்டினார்களாம். ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், சிட்டா எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டான். தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அதே ஸ்வெட்டர்.