ஒரே சாவியோடு ஏழு வருஷம்

"போர்டு போயிருச்சு சார். புதுச் சாவிதான் போடணும். புரோகிராமிங்கோட சேர்த்து பதினொண்ணாயிரம் வரும்."

2019-இல் கார் சாவியின் ரிமோட் வேலை செய்யவில்லை என்று போனபோது ஒரு சர்வீஸ் சென்டர் கவுன்டரில் எனக்குக் கிடைத்த பதில் இது. சாவியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தச் சாவிதான் இன்றைக்கும் என் சட்டைப் பையில் கிடக்கிறது. நடுவில் நான்கு முறை மக்கர் பண்ணியிருக்கிறது. நான்குக்கும் சேர்த்து நான் செலவழித்தது ஆயிரத்து இருநூறு ரூபாயைத் தாண்டாது. போர்டு, அதாவது சாவிக்குள் இருக்கிற மின்சுற்று அட்டை, ஒருமுறைகூடப் போகவில்லை.

வண்டி 2014 மாடல், சின்ன ஹேட்ச்பேக். 2018-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பட்டனைத் தட்டினால் பேனாக்கத்தி மாதிரி விரிகிற சாவி. லாக், அன்லாக், டிக்கி என்று மூன்று பட்டன். இதே மாதிரி இன்னொன்று பீரோவில் தூங்குகிறது. வேலை விஷயமாக மேலூர், சோழவந்தான், உசிலம்பட்டி என்று சுற்றுகிறவன் நான். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அந்தப் பட்டனை அழுத்துவேன்.

முதல் பழுது அழகர் புண்ணியம். 2019-இல் தேரோட்டமும் தேர்தலும் ஒரே நாளில் வந்தது மதுரைக்காரர்களுக்கு நினைவிருக்கும். மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு ராமராயர் மண்டபம் பக்கம் ஒதுங்கி நின்றோம். துருத்தியோடு வந்தவர் சாமிக்குப் பீய்ச்சிய தண்ணீரில் பாதி என் மேல்தான். நனைந்ததில் சந்தோஷம். சாவியும் நனைந்தது அப்போது உறைக்கவில்லை. அன்றைக்கு ரிமோட் ஒழுங்காக வேலை செய்தது. நான்கு நாள் கழித்துத்தான் நின்றது. ஆனால் சாவியைப் போட்டுத் திருகினால் வண்டி வழக்கம்போல ஸ்டார்ட் ஆனது.

இந்தக் கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது. கதவைத் திறக்கிற ரிமோட் வேறு, வண்டியை ஓட விடுகிற சிப் வேறு. இரண்டும் ஒரே கூட்டுக்குள் குடியிருக்கின்றன, அவ்வளவுதான். ரிமோட்டுக்குப் பேட்டரி வேண்டும். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வண்டிக்குச் சேதி அனுப்பும். சிப்புக்குப் பேட்டரியே வேண்டாம். சாவி போடுகிற துவாரத்தைச் சுற்றி வண்டிக்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அது 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு சிப் தன் அடையாளத்தைச் சொல்லும். அடையாளம் பொருந்தவில்லை என்றால் எஞ்சினை ஓட விடாது. இம்மொபிலைசர் என்பது இதுதான்.

ஆகவே கதவு திறக்காமல் வண்டி ஸ்டார்ட் ஆனால் கோளாறு ரிமோட் பக்கம். கதவு திறந்து, வண்டி ஸ்டார்ட் ஆகாமல், மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னினால் சிப் பக்கம். சந்தேகம் என்றால் சாவியின் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஓடினால் சிப் நன்றாக இருக்கிறது. இதைக் கவுன்டரிலேயே ஒரு நிமிஷத்தில் பார்த்திருக்கலாம்.

பதினொண்ணாயிரம் கொடுக்க மனமில்லாமல் டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் உட்கார்ந்திருக்கும் சாவிக்காரரிடம் போனேன். சின்ன டேபிள், பூதக்கண்ணாடி, பழைய பல் துலக்கும் பிரஷ். சாவியின் விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பித் திறந்தார். பேட்டரியைத் தாங்குகிற தகட்டு ஓரமெல்லாம் பாசி பிடித்த மாதிரிப் பச்சை.

"என்னண்ணே, ஆத்துல இறங்குனது அழகரா, சாவியா?" என்றார்.

முதலில் பேட்டரியை எடுத்தார். ஐபிஏ என்று செல்போன் ரிப்பேர்க்காரர்கள் சொல்கிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை பிரஷ்ஷில் தொட்டுப் பச்சை போகத் தேய்த்தார். ஃபேனுக்கு அடியில் பத்து நிமிஷம். அப்புறம் புது செல் போட்டு, தீப்பெட்டி அளவு டெஸ்டர் ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பட்டனை அழுத்தினார். 433.9 என்று எண் வந்தது. "பேசுதுண்ணே" என்றார். நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த டெஸ்டர் சாவி அலை விடுகிறதா என்று மட்டும்தான் காட்டும், உங்கள் வண்டி அதை ஏற்குமா என்று காட்டாது என்பதையும் அவர்தான் சொன்னார்.

அவரிடம் கற்றதில் எனக்குப் பெரிதாகப் படுவது, நனைந்தால் முதல் வேலை செல்லைக் கழற்றுவது. தண்ணீர் மட்டும் இருந்தால் அவ்வளவு கெடுதல் இல்லை. தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் தகடும் பற்றவைத்த ஈயமும் வேகமாக அரிக்கப்படும். அதனால்தான் அன்றைக்கு வேலை செய்த சாவி நான்கு நாள் கழித்து நின்றது. அரிசிப் பானையில் போட்டு வைப்பது, முடி உலர்த்தும் மெஷினைக் காட்டுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான். அதனாலும் பெரிய பலன் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஐபிஏ இல்லையே என்று சானிடைசரைத் தடவ வேண்டாம். அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும். பெயின்ட் தின்னர் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

இரண்டாவது பழுது 2021-இல். இது முழுக்க என் தப்பு. சாவிக்குப் பாதுகாப்பு என்று ஆன்லைனில் ஒரு சிலிக்கான் உறை வாங்கி மாட்டினேன். அடுத்த இரண்டு மாதத்தில் இரண்டு செல் காலி. ஒரு செல் சாதாரணமாக எனக்கு ஒன்றரை வருஷம் வரும். செல்தான் டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். கடைசியில் பார்த்தால் உறை ஒரு மில்லிமீட்டர் இறுக்கம். பேன்ட் பையில் போட்டு உட்கார்ந்தால் லாக் பட்டன் அழுந்தியே கிடக்கிறது. அழுந்தியிருக்கிற வரைக்கும் செல் கரைந்துகொண்டே இருக்கும். உறையைக் கழற்றி எறிந்தேன். கடைக்காரர் இப்போதும் என்னைப் பார்த்தால் ஒரு மாதிரிதான் சிரிப்பார்.

செல் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் சாவியில் போடுவது சிஆர் 2032. 20 என்பது விட்டம் 20 மில்லிமீட்டர், 32 என்பது தடிமன் 3.2 மில்லிமீட்டர். 2025 என்று கேட்டு வாங்கிவிட்டால் 2.5 தடிமன்தான். உள்ளே ஆடும், ஒரு நாள் தொடும், ஒரு நாள் தொடாது. புது செல், வோல்ட் அளக்கிற மல்டிமீட்டரில் 3.2 வோல்ட் பக்கம் காட்டும். ஆனால் சும்மா வைத்து அளந்தால் மீட்டர் பொய் சொல்லும். ஓய்ந்த செல்கூட வேலை இல்லாமல் இருக்கும்போது 3 வோல்ட் காட்டிக்கொண்டு நிற்கும். போர்டில் போட்டு, பட்டனை அழுத்திப் பிடித்தபடி அளக்க வேண்டும். அழுத்தியதும் 2.5-க்குக் கீழே சரிந்தால் அது ஆகாது. இப்போது வருகிற சில செல்களில் குழந்தைகள் வாயில் போட்டால் துப்பிவிடட்டும் என்று கசப்புப் பூச்சு தடவியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சில சாவிகளில் அந்தப் பூச்சே தொடுப்பைத் தடுக்கும். ஐபிஏ தொட்ட துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். பூச்சு இருக்கிறதே என்று பழைய செல்லை மேஜையில் விட்டு வைக்காதீர்கள். குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

மூன்றாவது பழுதுதான் நான் ரசித்துச் செய்தது. 2022 கடைசியில் லாக் பட்டன் படுத்த ஆரம்பித்தது. நேராக அழுத்தினால் ஒன்றுமில்லை, இடது ஓரமாக அழுத்தினால் வேலை செய்யும். அன்லாக்கும் டிக்கியும் நன்றாக இருந்தன. ஒரு பட்டன் மட்டும் மக்கர் என்றால் செல்லையும் போர்டையும் சந்தேகப்படவே வேண்டாம். அந்த ஸ்விட்ச்தான்.

போர்டை எடுத்து என் மகளின் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கடுகு அளவு ஸ்விட்ச், நாலு கால். ஒரு காலைச் சுற்றி ஈயத்தில் முடி மாதிரி வட்டமாக ஒரு கோடு. விரலால் ஸ்விட்சைத் தொட்டால் அந்தக் கோடு திறந்து மூடியது. ஈயம் விட்டிருக்கிறது. மல்டிமீட்டரை, மின்பாதை அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கிற நிலையில் வைத்து இரண்டு பக்கமும் தொட்டேன். நேராக அழுத்தினால் பீப் இல்லை, சாய்த்து அழுத்தினால் பீப். சூடு வைத்துப் புது ஈயம் கொடுத்ததும் சரியானது. இரண்டே வாரத்தில் திரும்பவும் போனது. அப்போது பார்த்தால் ஸ்விட்சுக்குள் இருக்கிற 'டிக்' சத்தமே செத்துப்போயிருந்தது. உள்ளே குவிந்த தகடு ஒன்று இருக்கும், அது தளர்ந்துவிட்டது. இந்த வகை ஸ்விட்ச் பலவற்றுக்கு ஒரு லட்சம் அழுத்தம் என்று கணக்குச் சொல்வார்கள். என் கணக்குப்படி அதில் பாதிகூட ஆகியிருக்காது. மதுரை வெயிலும் என் கை வியர்வையும் அந்தக் கணக்கில் சேரவில்லை போலிருக்கிறது.

எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் பழைய ஸ்விட்சைக் காட்டிக் கேட்டேன். ஒன்று ஐந்து ரூபாய், பத்தாக வாங்கிக்கொண்டேன். இங்கே கவனிக்க வேண்டியது உயரம். அரை மில்லிமீட்டர் கூடினால் மேலே இருக்கிற ரப்பர் எப்போதும் அதை அழுத்திக்கொண்டிருக்கும். சிலிக்கான் உறைக் கதைதான் மறுபடியும். மாற்றி மூன்று வருஷம் ஆகப்போகிறது, ஒரு குறையும் இல்லை. ஈயம் வைக்கக் கை பழகாதவர்கள் இதைச் செல்போன் சர்வீஸ் கடையில் கொடுத்துவிடலாம். சூடு அதிகமாகி போர்டிலிருந்து செம்புப் பாதை பெயர்ந்து வந்துவிட்டால், அப்போது நிஜமாகவே போர்டு போனதாகிவிடும்.

நான்காவது, கூடு மாற்றியது. ரப்பர் கிழிந்து, மடங்குகிற இடத்தில் பிளாஸ்டிக் உடைந்துவிட்டது. ஆன்லைனில் முந்நூற்று எண்பது ரூபாய்க்கு வெறும் கூடு. போர்டை எடுத்துப் புதியதில் வைத்தேன், சாவித் தகட்டை மாட்டினேன், ரிமோட் அழகாக வேலை செய்தது. பழைய கூட்டைக் குப்பையில் போட்டேன். சாயங்காலம் வண்டியை எடுத்தால் இரண்டு விநாடி உறுமி நின்றுவிட்டது. மீட்டரில் சாவிப் படம் மினுக் மினுக் என்கிறது.

சிப்! சில சாவிகளில் அது போர்டிலேயே இருக்கும். சிலவற்றில் தனியாக, உடைந்த பென்சில் முனை மாதிரிக் கறுப்பாகக் கூட்டின் ஒரு மூலையில் செருகியிருக்கும். என்னுடையது இரண்டாவது ரகம். நல்லவேளை, மாநகராட்சி வண்டி காலையில்தான் வரும். வெங்காயத் தோலுக்கும் டீத்தூளுக்கும் நடுவில் டார்ச் அடித்துத் தேடி எடுத்தேன். "புதுசே வாங்கியிருக்கலாம்ல" என்று வீட்டில் ஒரு குரல். சிப்பை மூலையில் செருகியதும் வண்டி ஓடியது. கூடு மாற்றுகிறவர்கள் வண்டி ஸ்டார்ட் ஆகும்வரை பழைய கூட்டைக் கையை விட்டு விடாதீர்கள். வாங்கிய கூடு சுமார்தான். எழுத்து ஆறே மாதத்தில் அழிந்துவிட்டது, ஸ்பிரிங் பழைய வேகத்தில் விரியவில்லை. பழைய பட்டன் ரப்பரின் மெத்தென்ற உணர்வு இதில் கிடையாது.

சாவி மேல் பழி விழுந்து, சாவி காரணமில்லாத சமயங்களும் உண்டு. ஒருமுறை பொங்கலுக்குப் போய்விட்டு மூன்று வாரம் கழித்து வந்தால் ரிமோட்டுக்கு வண்டி அசையவில்லை. பீரோ சாவிக்கும் அசையவில்லை. இரண்டு சாவியும் ஒரே நாளில் சாகாது. வண்டியின் பேட்டரிதான் இறங்கியிருந்தது. இன்னொரு தடவை, மேலூரில் மாமியார் வீட்டில் என் மகள் சாவியை வைத்துக்கொண்டு மதியம் முழுக்க அழுத்தி விளையாடியிருக்கிறாள். வண்டி மெக்கானிக் ஷெட்டில் இருந்தது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ரிமோட் ஒரு புதுக் குறியீடு அனுப்பும். திருடன் பழையதைப் பதிந்து வைத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக. வண்டிக்குக் கேட்காமலே சாவி ரொம்ப தூரம் முன்னால் போய்விட்டால் முதல் அழுத்தத்தை வண்டி நம்பாது. என் வண்டி அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தியதும் சமாதானமாகிவிட்டது. சில வண்டிகளில் சாவியைப் போட்டுத் திருப்பிச் சில வேலை செய்ய வேண்டியிருக்கும். வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

செல்போன் கேமரா முன்னால் சாவியைக் காட்டி அழுத்தினால் வெளிச்சம் தெரியும், தெரியாவிட்டால் சாவி போச்சு என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. அது டிவி ரிமோட்டுக்கு. டிவி ரிமோட் அகச்சிவப்புக் கதிர் விடும், அது பல கேமராக்களுக்குத் தெரியும். இப்போதைய கார் சாவி விடுவது ரேடியோ அலை. எந்தக் கேமராவிலும் தெரியாது. இதை நம்பி நல்ல சாவியைத் தூக்கிப் போட்டவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

பட்டன் ஸ்டார்ட் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. செல் செத்துவிட்டால் சாவியின் உள்ளே ஒளிந்திருக்கிற இரும்புச் சாவியை இழுத்துக் கதவைத் திறந்துகொள்ளுங்கள். பிறகு பல வண்டிகளில் சாவியை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டிப் பிடித்து அழுத்தினால் ஓடும். சில வண்டிகளில் அதற்கென்று தனி இடம் இருக்கும்.

எல்லாவற்றையும் நாமே பார்த்துவிடலாம் என்று சொல்லமாட்டேன். இரண்டு சாவியும் தொலைந்தால், சிப் உடைந்தால், புதுச் சாவியை வண்டிக்குப் பழக்க வேண்டுமென்றால் அதற்கான மெஷின் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும். அதற்குக் காசு கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. திறந்து பார்க்காமல் காசு கேட்டால்தான் வருத்தம்.

போன வாரத்திலிருந்து அன்லாக் பட்டனில் 'டிக்' கொஞ்சம் மங்கலாகக் கேட்கிறது. வாங்கிய பத்தில் மிச்சம் ஒன்பது ஸ்விட்ச் பல்பொடி டப்பாவில் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை பூதக்கண்ணாடியை எடுக்க வேண்டும், மகள் தந்தால்.