அசுவினியை ஒழிக்க வெள்ளி ஈயா, அஃபிடோலெடிஸா?

தொட்டிச் செடிகளில் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி பெருகும்போது பூச்சிக்கொல்லியைத் தெளிக்காமல், அதைத் தின்னும் பூச்சிகளிடமே பொறுப்பை விடுவது என்று முடிவெடுத்தபின், எனக்கு மூன்று வழிகள் இருந்தன: பொறிவண்டு, கூட்டுப்புழுக்களாக விலைக்குக் கிடைக்கும் அஃபிடோலெடிஸ், தானாக வந்து சேரும் வெள்ளி ஈ. நான் வெள்ளி ஈயைத் தேர்ந்தேன். பொறிவண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாங்கி விட்ட வண்டுகளில் பெரும்பாலானவை செடியில் தங்காமல் பறந்துவிடும்.

அஃபிடோலெடிஸ் தேர்ந்த வேட்டைக்காரன். கொசுவைப் போன்ற இந்தச் சிறு ஈ அந்தி நேரத்தில் அசுவினிக் கூட்டத்தைத் தேடிச் சென்று முட்டையிடும். செம்மஞ்சள் நிறப் புழு அசுவினியின் கால் மூட்டில் நஞ்சைச் செலுத்தி அதைச் செயலிழக்கச் செய்யும். இரை மிகுந்திருந்தால் தின்பதைவிட அதிகமாகவே கொல்லும். வேகம் ஒன்றுதான் அளவுகோல் என்றால் நான் இதையே பரிந்துரைப்பேன்.

வெள்ளி ஈக்கள் கமேமையிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள, சாம்பல் படிந்தாற்போன்ற ஈக்கள். முதிர்ந்த ஈ அசுவினி கழிக்கும் இனிப்பு நீரையே உண்பதால், அதற்கெனப் பூச்செடி வளர்க்கத் தேவையில்லை. புழு மெதுவாக நகரும், கூட்டத்தின் நடுவிலேயே கிடக்கும். உற்றுப் பார்க்காதவர் அதைக் குப்பை என்றே எண்ணித் துடைத்துவிடுவார்.

என் முடிவைத் தீர்மானித்தது, புழு எங்கே கூட்டுப்புழுவாகிறது என்பதுதான். வளர்ந்த அஃபிடோலெடிஸ் புழு செடியிலிருந்து விழுந்து ஈரமான மேல்மண்ணில் கூடு கட்டும். கீழே சரளையோ, பிளாஸ்டிக் விரிப்போ, காய்ந்த தரையோ இருந்தால் அடுத்த தலைமுறை அங்கேயே அறுந்துபோகிறது. பகல் குறுகிக் குளிரும் சேர்ந்தால் அது உறக்கநிலைக்கும் போய்விடும். ஆகவே மண்ணைப் பேணுவதும், திரும்பத் திரும்ப வாங்குவதும் ஓயாத வேலையாகிவிடுகின்றன. வெள்ளி ஈக்களில் லியூகோபிஸ் போன்றவை செடியிலேயே பழுப்புக் கூடாக ஒட்டிக்கொள்வதால், பராமரிப்பு என்பது அசுவினி மொய்த்த இலையை உடனே கிள்ளி எறியாமல் பொறுத்திருப்பதோடு முடிந்துவிடுகிறது.

இந்த வேறுபாடு பெரிய அளவிலும் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஹெம்லாக் என்னும் ஊசியிலை மரங்களை அழிக்கும், அசுவினிக்கு உறவான பஞ்சுப் பூச்சிக்கு எதிராக 2003 முதல் விடப்பட்ட லாரிகோபியஸ் வண்டின் புழுக்கள் வசந்தத்தில் முட்டைகளைத் தின்றபின் மண்ணில் இறங்கிவிடுகின்றன. கோடை முழுவதும் வண்டு ஒதுங்கியே இருப்பதால், பூச்சியின் அடுத்த தலைமுறை தப்பிவிடுகிறது. இரு தலைமுறைகளையும் தின்னும் லியூகோடாராக்சிஸ் என்னும் வெள்ளி ஈக்களை 2015 முதல் அங்கே விடத் தொடங்கியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். வெள்ளி ஈ கடைகளில் எளிதில் கிடைக்காது. வெளியிலிருந்து ஈ நுழைய முடியாத மூடிய பசுங்குடிலுக்கு அஃபிடோலெடிஸ்தான் பொருத்தம். மாவுப்பூச்சியையும் செதில் பூச்சியையும் தின்னும் வெள்ளி ஈ இனங்கள் உண்டு என்றாலும், என் அனுபவம் அசுவினியோடு நின்றுவிட்டதால் அவற்றுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். வெறுங்கூடுகளையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்: முனை மூடிபோல் திறந்திருந்தால் ஈ வெளியேறியிருக்கிறது, பக்கவாட்டில் வட்டத் துளை இருந்தால் ஒட்டுண்ணிக் குளவி அதை முடித்துவிட்டது. அத்தகைய கூடுகளே மிகுதியாகத் தென்படும் பருவத்தில் அஃபிடோலெடிஸை வாங்குவதில் எனக்கும் ஆட்சேபமில்லை.