சீனப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பயிற்சிப் புத்தகம்: செவ்வாய்ப்பேட்டை டியூஷனில் எடுபடுகிறதா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் புத்தகத்தின் முன்பாதி நம் பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தேவையில்லை. பின்பாதி ஒன்றுக்காகவே வாங்கலாம்.

சீனாவில் பள்ளிப்படிப்பை முடிக்கிறவர்கள் எழுதும் காவ்காவ் தேர்வுக்கான ஆங்கிலப் புத்தகம் இது. அந்தத் தேர்வில் மொத்தம் 750 மார்க், அதில் ஆங்கிலத்துக்கு 150. பக்கத்துத் தெருப் பையன் அங்கே எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு வரும்போது கொண்டுவந்து கொடுத்தான். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாடி அறையில் டியூஷன் எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வீட்டுப் பிள்ளைகள். கைடை மனப்பாடம் செய்து அவர்களுக்கும் சலித்துவிட்டது, எனக்கும் சலித்துவிட்டது.

முன்பாதி இலக்கணம். சீன மொழியில் வினைச்சொல் காலத்துக்குத் தக்கபடி உருமாறுவதில்லை. நேற்று, நாளை என்று சேர்த்தோ, செயல் முடிந்ததைக் காட்ட 'லெ' என்று ஒரு ஒட்டு வைத்தோ சொல்லிவிடுகிறார்கள். அவன், அவள் இரண்டுமே பேச்சில் 'தா'தான். அதனால் 'ஹீ'யா 'ஷீ'யா, 'கோ'வா 'வென்ட்'டா என்று பக்கம் பக்கமாகப் பயிற்சி. போனான், போகிறாள், போவார்கள் என்று பேசியே வளர்ந்த பிள்ளைகளிடம் இதைக் கொடுத்தால் கொட்டாவிதான் வருகிறது. நம்மவர்கள் தடுக்கி விழுவது 'ஐ ஆம் நோயிங்', 'ஹீ இஸ் ஹேவிங் டூ பிரதர்ஸ்' மாதிரி இடங்களில். சேலத்துப் பிள்ளைக்காக எழுதிய புத்தகம் இல்லையே, அதில் குறை சொல்ல முடியாது.

ஆனால் 'ஏ', 'தி' பற்றிய பாடத்தை விடாதீர்கள். அப்படி ஒன்று அவர்கள் மொழியிலும் கிடையாது, நம் மொழியிலும் கிடையாது. அப்புறம், நீண்ட வாக்கியப் பாடம். 'நேற்று பட்டறைக்கு வந்த பையன்' என்று நாம் விவரத்தை முன்னால் வைத்து ஆளைப் பின்னால் சொல்கிறோம். சீனத்திலும் அதே வரிசைதான். ஆங்கிலத்தில் 'தி பாய்' முதலில் வந்துவிடும், 'ஹூ கேம்' என்று மற்றதெல்லாம் பின்னால் தொங்கும். அந்த 'ஹூ', 'விச்' பகுதியைப் பென்சிலால் அடைப்புக்குள் போட்டுவிட்டு மிச்சத்தை முதலில் படி என்கிறது புத்தகம். யார், என்ன செய்தார் என்பது உடனே பிடிபட்டுவிடுகிறது. நாலு வரி வாக்கியத்தைப் பார்த்தாலே பக்கத்தைத் திருப்புகிற பிள்ளைகள் இப்போது பென்சிலைத் தேடுகிறார்கள்.

பின்பாதியில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஏழில் ஐந்து'. ஒரு பத்தியிலிருந்து ஐந்து வாக்கியங்களை உருவி எடுத்துவிடுகிறார்கள். கீழே ஏழு வாக்கியங்கள் இருக்கும், இரண்டு சும்மா குழப்புவதற்கு. எது எங்கே உட்காரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அர்த்தம் தெரிந்தால் மட்டும் போதாது. 'திஸ்', 'தே', 'பட்', 'ஹவ்எவர்' எல்லாம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்று பார்த்தாக வேண்டும்.

இதே மாதிரி நானும் ஒன்று எழுதிக் கொடுத்தேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பி கொண்டுவந்த கதை. பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் 'தீஸ் ப்ளான்ட்ஸ்' என்று தொடங்கும் வாக்கியத்தை முதல் இடத்திலேயே போட்டுவிட்டான். "எந்தச் செடிடா?" என்றேன். மேலே பார்த்தான். மலையும் குளிரும்தான் இருந்தது, செடியையே காணோம். ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, காப்பி வருகிற வரிக்கு அடுத்த இடத்தில் அவனே எழுதினான். "சரிங்களா மிஸ்?" என்றுகூடக் கேட்கவில்லை. மற்ற நாளில் ஒவ்வொரு விடைக்கும் கேட்பான்.

குறைகளும் இருக்கின்றன. விடைக்கான விளக்கம் முழுக்கச் சீன எழுத்தில். போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்த்துப் படிக்கிறேன், சில வரிகளில் அது உளறுகிறது. கேட்டல் பயிற்சிக்குப் போட்டிருக்கும் க்யூஆர் கோடு வீசாட்டைத் திறக்கச் சொல்கிறது. இந்தியாவில் அந்தச் செயலிக்கு 2020லேயே தடை வந்துவிட்டது, ஆக அந்தப் பகுதி நமக்கு இல்லை. பெரிய குறை வேறு. வாசிப்புக் கேள்விகள் எல்லாமே நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. நம் பரீட்சையில் வாக்கியமாக எழுத வேண்டும். அதனால் எந்த வரியை வைத்து அந்த விடையைத் தேர்ந்தெடுத்தாய் என்று ஓரத்தில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறார்கள்.

இதே புத்தகம்தான் வேண்டும் என்றில்லை. உங்கள் சொந்தத்தில் யாராவது சீனாவில் மருத்துவம் படித்தால், ஊருக்கு வரும்போது ஒன்று வாங்கிவரச் சொல்லுங்கள். ஏழில் ஐந்து பகுதி இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். வந்ததும் விடைப் பக்கங்களைக் கிழித்துத் தனியாக வைத்துவிடுங்கள். சீன எழுத்து புரியாவிட்டாலும் ஏ, பி, சி, டி எல்லோருக்கும் புரியும்.