கூகுள் மீட்டில் கணக்கு டீச்சர்கள்: சில வருட அனுபவம்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், தமிழ்வழி வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். 2020 ஜூனில் பள்ளிக்கூடம் திறக்காமல் கேரள அரசின் கல்வித் தொலைக்காட்சியான விக்டர்ஸ் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கியபோது, ஆசிரியர்களுக்கான பயிற்சிகளும் செல்போனுக்கு வந்தன. பள்ளி திறந்த பிறகும் அது முழுதாக நின்றுவிடவில்லை. பயிற்சி, பாடத்திட்டக் கூட்டம், நானாகச் சேர்ந்து படித்த படிப்பு என்று எல்லாவற்றுக்கும் ஜூமையும் கூகுள் மீட்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். இத்தனை வருடத்தில் எது உதவியது, எது வெறுமனே நேரத்தைத் தின்றது என்று எழுதிவைத்தால் இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் பேச, நூறு பேர் கேட்கும் பயிற்சிக்குக் காணொளிக் கூட்டம் தேவையே இல்லை. அதைப் பதிவு செய்து அனுப்பிவிடலாம். ஆனால் ஐந்தாறு ஆசிரியர்கள் தங்கள் வகுப்பில் நடந்ததை ஒருவருக்கொருவர் காட்டிப் பேச, எங்களைப் போலச் சிதறிக் கிடப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை.

சிதறிக் கிடப்பது என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கேரளத்தில் தமிழ்வழி வகுப்புகள் பெரும்பாலும் எங்கள் சித்தூர் தாலுகாவிலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களிலும்தான் இருக்கின்றன. உயர்நிலை வகுப்புக்குக் கணக்கு எடுக்க ஒரு பள்ளியில் ஒருவர் இருந்தாலே பெரிது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் கிளஸ்டர் கூட்டத்துக்குப் போனால் பேச்சு முழுக்க மலையாளத்தில் நடக்கும். எங்களுக்கு மலையாளம் நன்றாகப் புரியும், பேசவும் செய்வோம், அதில் குறையில்லை. ஆனால் வீட்டில் தமிழ் பேசி, தமிழ்ப் புத்தகத்தில் கணக்குப் படிக்கும் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பேச அங்கே ஆள் கிடையாது. மாவட்டத்து ஆசிரியர் பயிற்சி நிறுவனமான டயட் ஆனக்கரையில் இருக்கிறது. அது மாவட்டத்தின் மேற்கு எல்லை, நாங்கள் கிழக்கு எல்லை. மூணாறில் இருக்கும் சக ஆசிரியரைப் பார்க்கப் போவது இன்னும் பெரிய பயணம். இருவருக்கும் ஒரே பாடப்புத்தகம், ஒரே எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. ஆனால் நான் அங்கே போக வேண்டுமானால் கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னாறு சோதனைச்சாவடியில் மறுபடியும் கேரளத்துக்குள் வந்து, மறையூர் ஏற வேண்டும். வண்டிப்பெரியாறு என்றால் கம்பம், குமுளி வழி. போகவே ஒரு பகல் போய்விடும்.

ஒரு பெரிய ஆன்லைன் பயிற்சியில் அரட்டைப் பெட்டியில் தமிழில் எழுதியவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு, எண் வாங்கி, தனியாக ஒரு மீட் லிங்க் போட்டதுதான் எங்கள் குழுவின் தொடக்கம். மூணாறு, வண்டிப்பெரியாறு, முதலமடை, எங்கள் ஊர்ப்பக்கம் என்று கொஞ்சம் பேர். மாதத்தில் ஓரிரு சனிக்கிழமை கூடுகிறோம். விதி ஒன்றுதான்: யாராவது ஒருவர், பிள்ளைகள் எழுதிய நோட்டு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். வெறும் கையோடு வந்து பொதுவாகப் பேசக்கூடாது.

ஒருமுறை மூணாறு சார் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நோட்டைக் கேமராவுக்குக் கீழே வைத்தார். (5+3)² என்பதை விரித்து எழுதச் சொன்னதற்கு 5²+3² என்று எழுதி, 25+9=34 என்று முடித்திருந்தாள். எல்லா ஊரிலும் எல்லாப் பிள்ளைகளும் செய்யும் தவறுதான். விரித்து எழுதும் விதியான முற்றொருமையைத் திரும்ப ஒருமுறை சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. அப்போது வண்டிப்பெரியாறு டீச்சர், "சார், நோட்டைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வாங்க, அந்த 34க்குக் கீழே ஏதோ அழிச்சிருக்கு பாருங்க" என்றார். கிட்டக் கொண்டுவந்தால், ரப்பர் தேய்த்த கறைக்குள் 64 மங்கலாகத் தெரிந்தது. அந்தப் பெண் அடைப்புக்குள் கூட்டி, 8²=64 என்று சரியாகவே முதலில் எழுதியிருக்கிறாள். அப்புறம், இரண்டுக்கும் தனித்தனியாக வர்க்கம் போட வேண்டும் என்று தானாக எண்ணிக்கொண்ட விதிக்காகச் சரியான விடையை அழித்திருக்கிறாள்.

அதோடு பேச்சே மாறிவிட்டது. கணக்குத் தெரியாத பிள்ளை இல்லை இவள், தன் விடையை நம்பத் துணியாத பிள்ளை. அவளுக்கு விதியை இன்னொருமுறை ஒப்பிக்கச் சொல்லி என்ன பயன்? முதலமடை மாஷ் (ஆசிரியர்) ஒரு யோசனை சொன்னார். கட்டம் போட்ட தாளில் பக்கம் 8 உள்ள சதுரம் வரைந்து, இரண்டு பக்கத்தையும் 5, 3 என்று பிரித்துக் கோடு போடச் சொல்லுங்கள். 25 கட்டம் ஒரு மூலை, 9 கட்டம் எதிர்மூலை, மீதி இரண்டு செவ்வகம், ஒவ்வொன்றிலும் 15. விட்டுப்போன 30 எங்கே என்று அவளே விரலை வைத்துக் காட்டுவாள். உடனே திரையைப் பகிர்ந்து ஜியோஜீப்ரா என்ற கணக்கு வரையும் செயலியில் அதை வரைந்தும் காட்டினார். 5 இருந்த இடத்தில் நகர்த்தியை இழுக்க இழுக்க, செவ்வகங்கள் இரண்டும் சேர்ந்தே மாறின. அடுத்த வாரம் என் வகுப்பில் அதையே தாளில் செய்தேன். அன்று நடந்த பேச்சுக்கு முழுநாள் பயிற்சிகள் பலவற்றைவிட மதிப்புக் கொடுப்பேன். ரப்பர் கறை தெரிய வேண்டுமானால் நோட்டு கண் முன்னால் இருக்க வேண்டும், அதைப் பார்க்கத் தெரிந்த இன்னொரு டீச்சரும் இருக்க வேண்டும்.

இதற்காக நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு எளிது. மேசை மேல் பாடப்புத்தகங்களை இரண்டு அடுக்காக அடுக்கி, குறுக்கே மரஸ்கேல் இரண்டை வைத்து, அதன்மேல் செல்போன், அடியில் நோட்டு. லேப்டாப்பில் ஆளாகவும், செல்போனில் நோட்டாகவும் இரண்டு முறை கூட்டத்துக்குள் வர வேண்டும். செல்போனில் மைக்கை அணைத்தால் மட்டும் போதாது, ஒலியையும் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் லேப்டாப் மைக் அதைப் பிடித்து எல்லோர் காதிலும் எதிரொலிக்கும். விளக்கு நோட்டுக்கு நேர்மேலே வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். பென்சில் எழுத்து அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

நெட் விஷயத்துக்கு வருகிறேன். எல்லைப்பக்கம் செல்போன் எந்த மாநிலத்து டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டின் கிழக்கு அறையில் தமிழ்நாட்டு டவர், மேற்கு அறையில் கேரளத்து டவர். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது தென்னை மட்டை விழுந்து மின்கம்பி அறுவதும் உண்டு. வீட்டுக்கு கேபிள் இணைப்பு வந்த பிறகு நிலைமை தேவலை, ஆனால் மோடத்தை இன்வெர்ட்டரில் சேர்த்தால்தான் பலன். மலைமேல் இருப்பவர்களுக்கு இந்த வசதியும் குறைவு. அதனால் நாங்கள் பழகிக்கொண்டது: படத்தை விட்டுக்கொடுக்கலாம், குரலை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஜூம் நிறுவனமே சொல்லும் கணக்குப்படி குரலுக்கு மட்டும் நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும், குழுவாகப் படத்தோடு பேச 600 கிலோபிட்டாவது வேண்டும். ஒரு திசைக்கு மட்டும் பார்த்தால் 80 கிலோபிட் மணிக்கு 36 எம்.பி., 600 கிலோபிட் 270 எம்.பி. தினம் ஒன்றரை ஜி.பி. ரீசார்ஜில் ஓட்டும் டீச்சருக்கு இது பெரிய வித்தியாசம். நோட்டுக் காட்டுபவர் மட்டும் கேமராவைத் திறந்து வைப்பார், மற்றவர்கள் தொடக்கத்தில் முகம் காட்டிவிட்டு அணைத்துவிடலாம். மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் இலவச மீட் ஒரு மணி நேரம், இலவச ஜூம் 40 நிமிடம். எங்களுக்கு மீட் பொருந்திப் போகிறது. ஜிட்சியும் பார்த்தோம், கட்டற்ற மென்பொருள், தெளிவானது. 2023க்குப் பிறகு கூட்டத்தைத் தொடங்குபவர் கூகுள் போன்ற கணக்கு ஒன்றில் நுழைந்தாக வேண்டும், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

தாமதம் பற்றி ஒரு வார்த்தை. ஒருவர் பேசி முடிப்பதற்கும் அது அடுத்தவர் காதில் விழுவதற்கும் நடுவே 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக ஓடும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவு. முன்பு செயற்கைக்கோள் வழியாக நடந்த வகுப்புகளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கல்விக்கான எடுசாட் செயற்கைக்கோள் 2004 செப்டம்பரில் ஏவப்பட்டு, அதை நம்பி 2005 ஜூலையில் திருவனந்தபுரத்தில் அப்துல் கலாம் விக்டர்ஸைத் தொடங்கி வைத்தார். அந்தக் காலத்துச் செயற்கைக்கோள் வகுப்பில் குரல் 36,000 கிலோமீட்டர் மேலே போய், அதே தூரம் கீழே வர வேண்டும். ஒளியின் வேகத்தில் போனாலும் அதற்குக் கால் நொடி. கேள்விக்குப் பதில் வர அரை நொடி. பொறுமையாகக் கேட்டுப் பதில் சொல்லலாம், இடையில் புகுந்து "இல்ல சார், அது அப்படியில்ல" என்று சொல்ல முடியாது. இன்று நெட் நன்றாக இருந்தால் அது முடிகிறது. எனக்கு இந்த மாற்றம்தான் பெரியது, ஏனென்றால் ஆசிரியர்கள் கற்றுக்கொள்வது அந்த இடையில் புகும் பேச்சில்தான்.

நூறு பேர் கூட்டங்களுக்கு வருவோம். எல்லோரையும் ம்யூட் செய்துவிட்டு ஒருவர் ஸ்லைடு படிப்பார். முடிவில் வருகைக்கு ஒரு படிவம் வரும். கேமரா அணைந்த கட்டங்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. இதற்கு தீக்‌ஷா என்ற அரசுக் கல்வித் தளத்துப் பாடங்களே மேல், நமக்கு நேரம் கிடைக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் காணொளிக் கூட்டங்கள் தரும் சோர்வுக்கு நாலு காரணம் சொன்னார்: ஓயாமல் கிட்டத்தில் முறைக்கும் முகங்கள், சாடை புரிந்துகொள்ள மூளை படும் கூடுதல் பாடு, நாள் முழுக்க நம் முகத்தை நாமே பார்ப்பது, உட்கார்ந்த இடத்தை விட்டு நகர முடியாதது. நம் படத்தை நமக்கு மட்டும் மறைக்கும் வசதி ஜூம், மீட் இரண்டிலும் இருக்கிறது. அதைச் செய்து பாருங்கள், சோர்வு கொஞ்சம் குறையும்.

எனக்கு அதிகம் உறுத்துவது நேரம். முன்பெல்லாம் பயிற்சி என்றால் அன்று டியூட்டி, பகலில் போய் மாலையில் வீடு திரும்பலாம். ஆன்லைன் என்றானதும் அது மெல்ல இரவு ஏழரைக்கு நகர்ந்துவிட்டது. அந்த நேரத்தில் ஒரு டீச்சரின் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், பிள்ளை வீட்டுப்பாடத்தோடு நிற்கும். காதில் இயர்போனோடு தோசை சுட்டபடி பயிற்சி கேட்கும் பெண்களை எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். அது பயிற்சி ஆகாது, அவர்கள் மேல் ஏற்றிய இன்னொரு வேலை.

சொந்தப் படிப்புக்கு நான் எடுத்தது ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்.சி.யும் ஆன்லைனில் நடத்தும் என்.பி.டி.இ.எல். கணிதப் பாடம், 12 வாரம். உரைகள் பதிவாகவே இருக்கின்றன, வாரா வாரம் பயிற்சிக் கணக்கு உண்டு. மதிப்பெண்ணில் 25 சதவீதம் அதற்கு, 75 சதவீதம் நேரில் போய் எழுதும் பரீட்சைக்கு. நான் கோயம்புத்தூரில் எழுதினேன். பதிவு உரைகளைவிட எனக்கு உதவியது, ஆராய்ச்சி மாணவர்கள் நேரலையில் கணக்குப் போட்டுக்காட்டிய வாராந்திர வகுப்புகள். அங்கே வருபவர்கள் குறைவு. "இந்த வரியிலிருந்து அடுத்த வரி எப்படி வந்தது?" என்று கேட்டால், அவர்கள் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டார்கள். தொலைநிலையில் படிப்பவர்கள் இப்படி ஒரு நேரலை வகுப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருவது நல்லது.

குறை இல்லாமல் இல்லை. மற்றொருவர் வகுப்பை நேரில் போய்ப் பார்ப்பதற்கு ஈடாக எதுவும் வரவில்லை. பின்வரிசைப் பிள்ளை நோட்டைக் கையால் மறைப்பது திரையில் தெரியாது. வகுப்பறையைக் கேமராவில் காட்டுவதை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை, பிள்ளைகளின் முகம் பதிவாக வேண்டியதில்லை. நோட்டுக் காட்டும்போதும் அட்டையையும் பெயரையும் தாளால் மூடிவிடுகிறோம். புதிதாகக் குழு தொடங்குபவர்கள் இதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

2024இல் 1, 3, 5, 7, 9 வகுப்புகளுக்கும், 2025இல் 2, 4, 6, 8, 10 வகுப்புகளுக்கும் புத்தகம் மாறிவிட்டது. புதுப் பாடங்களைத் தமிழில் எப்படி நடத்துவது என்று மே மாதப் பயிற்சியில் பேசிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை, எங்கள் சனிக்கிழமைகளில்தான் பேசினோம். இந்த நேரம் எந்தப் பயிற்சிக் கணக்கிலும் ஏறுவதில்லை. தமிழ்வழி ஆசிரியர்களுக்கு மாதம் ஒரு பள்ளி நாளில், பகலில், இரண்டு மணி நேரத்தை ஒதுக்கி, அதை அலுவல் பயிற்சியாகவே எழுதிக்கொள்ளச் சொல்லி வட்டார வள மையமான பி.ஆர்.சி.யில் மனு கொடுத்திருக்கிறோம். இடுக்கிக்காரர்களும் அவர்கள் பக்கத்தில் கொடுத்திருக்கிறார்கள். செலவு என்று எதுவும் கேட்கவில்லை, நேரம் மட்டும்தான் கேட்டிருக்கிறோம்.