வாத்துக்கு பிளாஸ்டிக் ஸ்லாட் தரை: தண்ணீர் மூலைக்கு மட்டும் போதும்

கோழிப்பண்ணைக்கு விற்கிற பிளாஸ்டிக் ஸ்லாட் தரையை (எச்சமும் தண்ணீரும் கீழே இறங்கும்படி துளை வைத்த தட்டு) வீட்டுக்குள் இருக்கும் வாத்துக் கூண்டுக்கு வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாராளமாக வாங்கலாம், ஆனால் கூண்டு முழுக்க விரிக்கிற அளவுக்கு வாங்க வேண்டாம். நாலு சதுர அடி இருந்தால் வேலை முடிந்தது. பண்ணைச் சாமான் கடையில் கேட்டால் முழு அளவுக்கும் எடுக்கச் சொல்வார்கள், அது அவர்கள் வியாபாரம்.

எங்கள் வீட்டில் இருப்பது பெக்கின் இனத்து வெள்ளை வாத்து மூன்று. கோயம்புத்தூரில் தனி வீடு, பகலில் பின்பக்கம் திரியும், ராத்திரி உள்ளேதான். தெருநாயும் கீரியும் இருக்கிற இடத்தில் வாத்தை வெளியே விட்டுவிட்டுத் தூங்க முடியாது. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்தில், டைல்ஸ் தரையில், 6 அடிக்கு 4 அடி ஒதுக்கினோம். ஒரு வாத்துக்கு ராத்திரி தங்க குறைந்தது 4 சதுர அடி வேண்டும் என்பார்கள், அந்தக் கணக்கில் மூன்றுக்கு இது தாராளம். மூலையில் ஏற்கெனவே தண்ணீர் போகிற ஓட்டை உண்டு, தரையும் அந்தப் பக்கமாகச் சரிந்திருக்கும். வெளிநாட்டு வீடியோக்களில் மரத்தரை வீணாகாமல் இருக்க என்னென்னவோ விரிக்கிறார்களே, அந்தப் பாடு நமக்கு இல்லை. நம்மூர் வீட்டில் பாதிக் கூண்டு கட்டி முடித்த மாதிரிதான்.

சிக்கல் எல்லாம் தண்ணீரில் இருக்கிறது. வாத்து தீவனத்தை ஒரு வாய் அள்ளும், உடனே தண்ணீருக்கு ஓடும், அலகை முக்கி ஆட்டும், மறுபடி தீவனத்துக்கு வரும். அப்படித்தான் அதால் விழுங்க முடியும். மூக்குத் துவாரத்தையும் கண்ணையும் கழுவிக்கொள்ள தலை முங்குகிற ஆழமும் வேண்டும், அதனால் கோழிக்கு வைக்கிற ஆழமில்லாத தண்ணீர்த் தட்டு சரிப்படாது. எச்சத்திலும் பெரும்பகுதி தண்ணீர்தான். கோழிக்கு மரத்தூள் போட்டு வாரக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் அதே யோசனையை வாத்துக்குச் சொன்னால் கேட்காதீர்கள், ஒரே ராத்திரியில் சேறாகிவிடும். நெல் அறுத்த வயலில் வாத்து மேய்க்கிறவர்களைப் பாருங்கள், ராத்திரிக்கு வலை கட்டி அடைப்பார்கள், இடம் அசிங்கமானால் வலையைச் சுருட்டி அடுத்த வயலுக்குப் போய்விடுவார்கள். கழுவுகிற பேச்சே கிடையாது. நமக்கு அந்த வசதி இல்லாததால் சிந்துகிற தண்ணீரை ஒரே இடத்தில் பிடித்து வெளியே அனுப்ப வேண்டும். அதைச் செய்துவிட்டால் மீதி இருபது சதுர அடியும் கிட்டத்தட்ட காய்ந்தே கிடக்கும்.

இனி ஸ்லாட்டைப் பற்றி. கடையில் இரண்டு வகை வைத்திருந்தார்கள், ஆட்டுக் கொட்டகைக்குப் போடுவது ஒன்று, கோழிக்குப் போடுவது ஒன்று. ஆட்டு ஸ்லாட் நல்ல கனம், ஆனால் இடைவெளி அகலம், வாத்து விரல் உள்ளே போய் மாட்டும். கோழி ஸ்லாட்டில் துளை சின்னது, வளர்ந்த வாத்து நிம்மதியாக நிற்கிறது. ஆள் ஏறி நின்றாலும் லேசாகத்தான் வளைகிறது. எனக்கு வந்த துண்டுகளில் ஓரம் முழுக்கப் பிசிறு, அப்படியே போட்டிருந்தால் பாதத்தைக் கீறியிருக்கும், உப்புக்காகிதம் வைத்துத் தேய்த்த பிறகுதான் உள்ளே வைத்தேன். விற்றவரிடம் சொன்னால் “கோழிக்கு ஒண்ணும் ஆகாது சார்” என்கிறார். கோழிக்கு ஆகாது, சரி. வாத்துப் பாதம் மெத்தென்று தோலாக இருக்கும். சின்னக் கீறல் விழுந்து அதில் எச்சம் பட்டால் புண்ணாகி உள்ளே சீழ் கட்டிக்கொள்ளும், அப்புறம் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். கம்பி வலையைத் தரையாகப் போடக் கூடாது என்பதும் இதனால்தான், விலை குறைவு என்று அதன் பக்கம் போகாதீர்கள். கூண்டு முழுக்க ஸ்லாட் போட்டால் அந்தக் கனமான உடம்போடு ராத்திரி முழுக்க கெட்டியான பிளாஸ்டிக் மேல் நிற்கும், அது நல்லதில்லை. குஞ்சுகளுக்கு இந்த ஸ்லாட்டே வேண்டாம்.

பொருத்தியது இப்படி. சிமெண்ட் கலக்க விற்கிற அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, அதன் அடியில் ஓட்டை போட்டு வாஷ்பேசினுக்குப் போடுகிற ஒன்றேகால் இஞ்ச் வேஸ்ட் கப்ளிங், அதிலிருந்து ஒரு ஹோஸ் நேராகத் தரை ஓட்டைக்கு. தொட்டியின் மேல் ஸ்லாட் உட்காருகிறது. ஸ்லாட் மேல் தண்ணீர்ப் பாத்திரம், ஐந்து லிட்டர் எண்ணெய் கேனின் பக்கவாட்டில் தலை போகிற அளவுக்கு வட்டமாக வெட்டியது. தலையை விடலாம், உடம்பை விட முடியாது, ஆகவே குளியல் கிடையாது. குளியலுக்குப் பகலில் வெளியே தொட்டி இருக்கிறது, அதை உள்ளே கொண்டுவர நினைப்பவர்களுக்கு என் அனுதாபங்கள். தீவனத் தட்டையும் இதே ஸ்லாட் மேல் வையுங்கள், வேறு மூலையில் வைத்தால் இரண்டுக்கும் நடுவே ஓடி ஓடி வழி முழுக்கக் கூழாகிவிடும். கப்ளிங் வாயில் ஒரு சின்ன ஜாலி கட்டாயம் வேண்டும். உதிர்கிற சிறகும் ஊறிய குருணையும் குழாயில் போய் அடைத்தால் பிளம்பருக்குக் கொடுக்கிற காசில் இன்னொரு ஸ்லாட் வாங்கிவிடலாம். தோட்டம் இருந்தால் ஹோஸை வாழைக்குத் திருப்பி விடலாம், கீரைப் பாத்திக்கு மட்டும் வேண்டாம்.

மீதித் தரைக்கு நான் போட்டிருப்பது ரப்பர் பாய், அதன் மேல் படுக்கிற மூலையில் மட்டும் கொஞ்சம் தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சி பக்கத்தில் இருப்பதால் இது எங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும், தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை இழுக்கும், நாற்றத்தையும் அடக்கும். ஆனால் ஈரமானதை அன்றன்றே அள்ளிவிட வேண்டும். பூஞ்சை பிடித்த படுக்கை வாத்தின் நுரையீரலைக் கெடுக்கும், இதில் சோம்பல் ஆகாது. வழுக்குகிற தரை குஞ்சுகளுக்குக் கெடுதல், கால் இரண்டு பக்கமும் விரிந்து நிற்க முடியாமல் போய்விடும். வெறும் டைல்ஸிலும் செய்தித்தாளிலும் குஞ்சு வளர்ப்பவர்கள் ஒரு பழைய துண்டாவது விரியுங்கள்.

சுத்தம் செய்வதில்தான் இந்த ஸ்லாட் காசுக்கு உழைக்கிறது. காலையில் வாத்துகளை வெளியே விட்டதும் ஸ்லாட்டைத் தூக்கிச் சுவரோடு சாய்த்துக் குழாயைத் திறந்துவிட்டால், காயாத எச்சம் அப்படியே வழிந்து போகிறது, துளை ஓரத்தில் ஒட்டியதற்கு மட்டும் பாத்திரம் தேய்க்கிற பிரஷ். தொட்டியில் ஒரு வாளி தண்ணீர். ரப்பர் பாயை வெயிலில் போட்டுவிட்டால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். ஃபினாயில் வேண்டவே வேண்டாம், வாசனை நமக்குப் பழகியிருக்கலாம், பறவைக்கு அது நஞ்சு. பிளீச்சிங் பவுடர் கரைசல் எப்போதாவது போடலாம், ஆனால் எச்சம் கிடக்கும்போதே அதன் மேல் ஊற்றாதீர்கள், அதிலிருக்கும் அமோனியாவோடு சேர்ந்து மூச்சைப் பிடிக்கிற வாயு கிளம்பும். கழிவறை ஆசிட்டோடு கலப்பது இன்னும் மோசம். நன்றாகக் கழுவிய பிறகு போட்டு, மறுபடி கழுவி, காயவிட்டு உள்ளே வையுங்கள். போர் தண்ணீரில் கழுவினால் ஸ்லாட்டில் வெள்ளையாக உப்புப் படியும், வினிகர் தடவி ஊறவைத்துத் தேய்த்தால் போகிறது. கூண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுப்படிக்குப் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டம். வாத்து பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும் எச்சத்தில் சால்மொனெல்லா இருக்கலாம்.

தடுப்புக்கு பிவிசி பைப்பும் நைலான் வலையும். பெக்கின் பறக்காது, இரண்டரை அடி உயரம் போதும். மணிலா வாத்து என்றால் ஏறித் தாண்டிவிடும், மேலேயும் மூட வேண்டும். கட்டி முடித்ததும் தரையைக் காந்தத்தால் ஒரு தடவை துழாவுங்கள், பளபளவென்று எது கிடந்தாலும் வாத்து விழுங்கும், துத்தநாகம் பூசிய ஸ்க்ரூ வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வலையைக் கட்டிவிட்டு வெட்டிப் போட்ட பிளாஸ்டிக் டேக் துண்டுகளைக் காந்தம் பிடிக்காது, அதைக் கண்ணால்தான் பொறுக்க வேண்டும்.

குறை என்று பார்த்தால், ராத்திரி ஸ்லாட் மேல் நடந்தால் டக் டக்கென்று சத்தம் கேட்கிறது. அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டு வைத்ததில் பாதி குறைந்தது. தரையில் தண்ணீர் போகிற வழியே இல்லாத அறை என்றால் இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்காது, தொட்டியைத் தினமும் தூக்கிக் கொட்ட வேண்டிவரும், நிறைந்த தொட்டியை ஒரு ஆள் தூக்குவது கஷ்டம். அந்த மாதிரி வீட்டில் ராத்திரிக்குத் தீவனம், தண்ணீர் இரண்டையும் சேர்த்து எடுத்துவிடுவது மேல். வளர்ந்த வாத்து விடியும்வரை தாங்கும். ஆனால் தீவனத்தை வைத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் எடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் நான் இரண்டையும் எடுப்பதில்லை.

வாங்கப் போகிறவர்கள் கோழிக்கான ஸ்லாட் என்று சொல்லிக் கேளுங்கள், தொட்டியின் அளவை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், துண்டுகளின் ஓரத்தைக் கடையிலேயே விரலால் தடவிப் பார்த்து எடுங்கள்.