பாடாங் செராய் அக்டோபர் முகாம்: ரிப்பன் சரி, கடிதம் எங்கே?

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம் என்று கெடா மாநிலப் பாடாங் செராயில் நடந்த முகாமுக்கு ஐந்துக்கு இரண்டரை. இரண்டு மதிப்பெண், திரைக்குப் பின்னால் நின்று பரிசோதித்த மிஸ்ஸிகளுக்கு (தாதியருக்கு). அரை மதிப்பெண், தமிழில் விளக்க ஓர் ஆளை உட்கார வைத்ததற்கு. மேடைக்கும் மறுநாள் பேப்பரில் வந்த படத்துக்கும் பூஜ்யம்.

நடந்தது டேவானில் (பொது மண்டபத்தில்), சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் பகல் ஷிப்ட் பார்க்கிறவருக்கும், செம்பனைத் தோட்டத்தில் காலை வேலைக்குப் போகிறவருக்கும் இந்த நேரம் தோதுப்படாது. அதனால் வந்தவர்கள் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் அம்மாக்களும் பாட்டிகளும். அவர்களோடு, ‘மீண்டு வந்தவர்கள்’ என்று மேடையில் ஏற்ற அழைக்கப்பட்ட நோயாளிகளும் இருந்தார்கள். இந்த மதிப்புரை அவர்கள் பக்கம் நின்று எழுதப்படுகிறது: கீமோவில் இருப்பவர்கள், சிகிச்சை முடித்தவர்கள், சிகிச்சை இனி முடியவே முடியாது என்று தெரிந்தவர்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். பரிசோதனை ஒழுங்காக நடந்தது. படுக்க வைத்து, கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, மார்பு முழுவதையும் பார்த்து, அக்குளையும் காறை எலும்புக்கு மேலுள்ள குழியையும் விடாமல் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமாவது ஆக வேண்டும். அதற்குள் முடிந்தால் அது பதிவேட்டுக்காகச் செய்த பரிசோதனைதான். இங்கே அவசரப்படவில்லை.

வெளியே மேசையில் சிலிகோன் மார்பு மாதிரி ஒன்று. உள்ளே பட்டாணி அளவில் கெட்டியான சில கட்டிகள். எல்லோரும் விரல் நுனியால் குத்திப் பார்க்கிறார்கள். பயன்படுத்த வேண்டியது நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியை. ஒரே இடத்தில் லேசாக, நடுத்தரமாக, அழுத்தமாக என்று மூன்று தரம் சின்ன வட்டம் போட்டுவிட்டு, விரலை எடுக்காமல் அடுத்த இடத்துக்கு நகர்த்த வேண்டும். மாதிரியின் குறை, கட்டி என்றாலே உருண்டையாகத்தான் இருக்கும் என்று நினைக்க வைப்பது. தோலில் விழும் குழி, உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு, ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு, காம்பிலிருந்து ரத்தக் கசிவு, ஒரு பக்கம் மட்டும் கனத்துப்போவது ஆகியவற்றைச் சுவரொட்டியில் படம் போட்டுக் காட்டியிருக்கலாம். சிகிச்சையில் இருக்கும் பலருக்கு நோய் இப்படித்தான் தெரிந்தது.

மாதம் ஒரு முறை தடவிப் பார்த்தால் உயிர் தப்பலாம் என்று மைக்கில் சொன்னதும் மிகை. ஷாங்காயில் 266,000-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்களை வைத்து நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், சுயபரிசோதனை கற்றுக்கொடுத்த குழுவில் இறப்பு குறையவில்லை. தன் உடம்பில் என்ன மாறுகிறது என்று கவனிக்கச் சொல்வது நியாயம். “மாதாமாதம் பார்த்திருந்தால் உனக்கு வந்திருக்காது” என்று பக்கத்து வீட்டுக்காரர் நோயாளியிடம் சொல்லும் அளவுக்கு அதை ஊதிவிடுவது அநியாயம்.

மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) கூப்பன் கொடுத்தார்கள், எப்படிப் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அன்று காலை பவுடரும் டியோடரண்டும் போடக்கூடாது. அக்குளில் ஒட்டிய துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி தெரிந்து குழப்பும். நீள கவுனுக்குப் பதில் சட்டையும் பாவாடையும் உடுத்தினால் மேலே மட்டும் கழற்றினால் போதும். மாதவிடாய் முடிந்த வாரத்தில் போனால் வலி குறைவு. ஒவ்வொரு பக்கமும் இரண்டு படம், மொத்தம் நான்கு. தட்டு அழுத்துவது சில விநாடிதான். பழைய படம் இருந்தால் கையோடு கொண்டுபோக வேண்டும். கூப்பன் கிடைக்காதவர்கள் எல்பிபிகேஎன் (தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம்) மானியத் திட்டத்தில் வயது, வருமான நிபந்தனையைக் கேட்டுப் பார்க்கலாம். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டும், 40 வயதைத் தொட்ட பெண்களுக்குச் சொக்சோவின் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்திலேயே மாமோகிராம் உண்டு. தொழிற்சாலையில் வேலை செய்யும் பாதிப் பேருக்கு இது தெரியாது. மேடையில் பேசியவர்களும் சொல்லவில்லை.

இனி, மதிப்பெண் போன இடம். கட்டி தட்டுப்பட்டவர் கையில் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு: கிளினிக்குக்குப் போகவும், அவ்வளவுதான். எந்தப் பக்கம், மார்பைக் கடிகாரமாக வைத்துப் பார்த்தால் எத்தனை மணி இடத்தில், எத்தனை சென்டிமீட்டர், தொட்டுப் பார்த்த தேதி, பார்த்தவர் பெயர், முத்திரை எதுவும் கிடையாது. இதெல்லாம் இருந்தால் கூலிம் அல்லது சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியின் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் அவசரத்தை எடை போட்டு நாள் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் முதலிலிருந்து வரிசை. சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். மறு வேலைநாளே கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார மருந்தகம்) ஐசியோடு (அடையாள அட்டை) போய், 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி, டாக்டரிடம் முறையான கடிதம் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன், மாமோகிராம், ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பது மூன்றும் முடிந்த பிறகே நோயின் பெயர் தெரியும். ஊசி குத்தினால் நோய் பரவும் என்ற பேச்சுக்குப் பயந்து இங்கேயே பலர் நின்றுவிடுகிறார்கள். அதற்குப் பதில் சொல்ல முகாமில் ஒரு நாற்காலி போட்டிருந்தால் பத்து பலூன் வளைவுக்குச் சமம்.

நோயாளிகளின் ஆதங்கமும் இதுதான். “கண்டுபிடி, கண்டுபிடி” என்று ஒரு மாதம் முழுக்கச் சொல்கிறார்கள். கண்டுபிடித்த பிறகு பதினோரு மாதமும் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. ரேடியேஷனுக்குப் பினாங்கு போக வேண்டும் என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை, பலருக்கு 15 தடவை. நிமிடக் கணக்கில் முடிகிற சிகிச்சைக்கு, போக வர ஒரு நாள் கழியும். எஸ்டிஆர் என்ற அரசு உதவித்தொகை பெறும் குடும்பத்தில் 40 வயதுக்கு மேற்பட்டவராக இருந்தால், பெக்கா பி40 என்ற, குறைந்த வருமானத்தாருக்கான அரசு சுகாதாரத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 வெள்ளியும், தீபகற்ப மலேசியாவில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரையும் உண்டு. சிகிச்சை தொடங்கும்போதே ஆஸ்பத்திரியில் விண்ணப்பப் பாரம் கேளுங்கள்.

வேலைக்குப் போகிறவருக்கு வேறு கணக்கு. வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளத்தோடு எம்சி (மருத்துவ விடுப்பு) ஆண்டுக்கு, வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் என்றால் 14 நாள், ஐந்து ஆண்டுக்குள் 18, அதற்கு மேல் 22. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தால் அதற்குத் தனியாக 60 நாள். மார்பை எடுத்த பக்கத்துக் கையில் நிணநீர் வீக்கம் வரலாம் என்பதால் பால்மரம் சீவுவதும் செம்பனைக் குலை தூக்குவதும் எப்போது, எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். மண்டோரிடம் (மேற்பார்வையாளர்) வாய்ச்சொல் செல்லாது.

மறுநாள் பேப்பரில் வந்த செய்திக்கு வருவோம். அரைப் பக்கப் படத்தில் பிரமுகர், ரிப்பன், பெரிய அட்டைக் காசோலை. ஓரத்தில் முடி கொட்டிய தலையோடு ஒரு பெண், கையில் பரிசுப் பை. அனுமதி கேட்டார்களா என்று தெரியவில்லை. சின்ன ஊர் இது. மகளுக்குப் பெண் பார்க்க வருகிற வீட்டில் முதலில் பேசப்படுவது அந்தப் படம்தான். பரம்பரையாக வருவது 5 முதல் 10 விழுக்காடுதான் என்ற ஒரு வரியை அந்தச் செய்தியில் சேர்த்திருந்தால் எத்தனை குடும்பத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தலைப்பில் ‘சீக்கிரம் கண்டால் முழுக் குணம்’. மலேசியாவில் 2007 முதல் 2011 வரை நோய் கண்டவர்களைத் தொடர்ந்து பார்த்த கணக்கில், ஐந்தாண்டு உயிர்வாழ்வு முதல் கட்டத்தில் 87.5 விழுக்காடு, இரண்டில் 80.7, மூன்றில் 59.7, நான்கில் 23.3. சீக்கிரம் கண்டால் நல்லது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் முதல் கட்டத்திலும் நூறு இல்லை. நோய் திரும்பாமல் இருக்கத் தரும் டமோக்சிஃபென் மாத்திரையை ஐந்து முதல் பத்து ஆண்டு போட்ட பிறகும் எலும்பில் நோய் திரும்பியவர்கள் உண்டு. அவர்கள் என்ன தப்பு செய்தார்கள்? நான்காம் கட்டத்துப் பெண்ணை மேடைக்கும் கூப்பிடுவதில்லை, செய்தியிலும் போடுவதில்லை. கதை சோகமாகிவிடுமாம்.

(அக்டோபர் விழிப்புணர்வு மாதத்தை அமெரிக்காவில் 1985-இல் தொடங்கியதில், டமோக்சிஃபென் தயாரித்த ஐசிஐ நிறுவனத்தின் மருந்துப் பிரிவுக்கும் பங்கு உண்டு. இளஞ்சிவப்பு ரிப்பன் 1992-இல் ஓர் அழகுசாதன நிறுவனம் பரப்பியது. ஆதரவாளர் பேனர்களைப் பார்த்து நோயாளிகள் சிரிப்பதில் ஆச்சரியமில்லை.)

பெரிய தப்பு டேவான் வாசலில். சப்ளிமெண்ட் கடை ஒன்று, முள்சீத்தா இலைத் தூள், கீமோவுக்குப் பதிலாம். 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. டப்பாவில் மால் எண் (அரசு மருந்துப் பதிவு எண்) இருப்பது பதிவுக்கு மட்டும் சாட்சி, நோய் தீர்க்கும் என்பதற்கு இல்லை. ஏற்பாட்டாளர்கள் இடவாடகை வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அடுத்த முறை பரிசோதனைக்காக மட்டும் போவதென்றால் தாராளமாகப் போகலாம். எட்டரைக்கே போய் எண் வாங்கிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் மேடை நிகழ்ச்சி தொடங்கினால் வரிசை நின்றுவிடும். கேமராக்காரர் வந்தால் வேண்டாம் என்று சொல்லலாம். பரிசுப் பை படத்துக்காகத் தருவதில்லை, பதிவு மேசையில் ஐசி காட்டினாலே கிடைக்கும்.