எட்டு நாள் மௌனத் தியானம்: ஒரு சி.எஸ்.ஐ.காரனின் அனுபவம்

நான் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவன். எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் கன்வென்ஷன் என்கிற எழுப்புதல் கூட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. மூன்று நாள் கூட்டம், கடைசி ராத்திரி கண்ணீரோடு தேவனுக்கு ஒப்புக்கொடுத்தல், திங்கட்கிழமை ஆபீஸ். புதன்கிழமைக்குள் சூடு ஆறிவிடும். அதைக் குறை சொல்லவில்லை. நான் வளர்ந்ததே அந்தப் பந்தல்களில்தான். ஆனால் வயது ஐம்பதைத் தாண்டிய பிறகும் விசுவாசம் கூட்டத்துக்குக் கூட்டம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் எப்படி? கத்தோலிக்கரான என் மைத்துனி ஒரு தியான இல்லத்தைச் சொன்னாள். போய்ப் பார்த்தேன்.

மதுரைப் பக்கம், இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையினர் நடத்தும் இல்லம். விளம்பரம் வேண்டாம் என்று அவர்களே சொன்னதால் பெயர் போடவில்லை. தனி அறை, மேஜை, கட்டில், ஃபேன். சாப்பாட்டோடு ஒரு நாளைக்கு 600 ரூபாய். போனதும் போனை வாங்கி உறையில் போட்டு வைத்துவிடுகிறார்கள்.

அங்கே கொடுப்பது, இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள். 1521-ல் ஸ்பெயினிலுள்ள பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்த போர்வீரர் அவர். மறு வருஷம் மன்ரேசா என்ற ஊரில் தனியே ஜெபித்தபோது மனதில் நடந்ததையெல்லாம் குறித்து வைக்க ஆரம்பித்தார். அப்போது அவர் குருவானவர்கூட இல்லை. அந்தக் குறிப்புகள் புத்தகமாகி, 1548-ல் போப் மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் கொடுத்தார். முழுப் பயிற்சி முப்பது நாள். எட்டு நாள் என்பது அதன் சுருக்கம். புத்தகத்தை மட்டும் வாங்கிப் படித்தால் சமையல் குறிப்பு மாதிரி சப்பென்றிருக்கும். அது வழிநடத்துகிறவருக்காக எழுதியது.

தினமும் நாலு தடவை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் தனி ஜெபம். ஒவ்வொரு ஜெபமும் முடிந்தபின் கால் மணி நேரம் எழுந்து உட்கார்ந்து, எங்கே மனம் ஒட்டியது, எங்கே விலகியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். வழிநடத்துகிறவரோடு தினம் அரை மணி நேரம் பேச்சு. மற்ற நேரமெல்லாம் வாய் திறக்கக் கூடாது, சாப்பாட்டு அறையிலும்கூட.

எனக்குக் கிடைத்தவர் ஒரு சிஸ்டர், எழுபதை நெருங்கியவர். முதல் நாளே மாற்கு பத்தாம் அதிகாரத்தில் வரும் குருட்டுப் பிச்சைக்காரன் பர்திமேயுவின் கதையைக் கொடுத்து, "ஐயா, இதைப் படிக்க வேண்டாம், அந்த வழியோரத்தில் போய் நில்லுங்க" என்றார். ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்ட கதை. இயேசு கூப்பிட்டதும் அவன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்தான் என்ற வரியில் மாட்டிக்கொண்டேன். பிச்சைக்காரன் துணியை விரித்துத்தானே உட்கார்ந்திருப்பான்? அப்படியானால் காலையிலிருந்து விழுந்த காசு அதில் கிடந்திருக்கும். மின்வாரியத்தில் வருஷக்கணக்காகப் பில் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான்; சில்லறை சிதறும் சத்தம் எனக்குக் கேட்டுவிட்டது. அவன் குனிந்து பொறுக்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

மூன்றாம் நாள் எல்லாம் காய்ந்துபோயிற்று. வசனம் வெறும் எழுத்தாக இருந்தது. பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். சிஸ்டரிடம் சொன்னதும் அவர் கொஞ்சமும் பதறவில்லை. இஞ்ஞாசியாரின் விதி ஒன்றைச் சொன்னார்: மனம் வறண்ட நேரத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. "ஒரு மணி நேரம் உட்காரணும்னு வந்தீங்க. இன்னைக்கு அஞ்சு நிமிஷம் சேர்த்து உட்காருங்க" என்றார். இதுவும் அவர் சொந்தச் சரக்கு இல்லை. ஓடிப்போகச் சொல்கிற மனதுக்கு எதிராக ஜெப நேரத்தைக் கொஞ்சம் நீட்டச் சொல்லி அந்தப் பயிற்சியிலேயே இருக்கிறது. அதோடு, ஆறுதல் நிறைந்திருக்கும் நாளிலேயே அடுத்து வரப்போகும் வறட்சிக்குத் தயாராகு என்றும் ஒரு விதி. பந்தலில் எனக்கு யாரும் இதைச் சொன்னதில்லை. அங்கே வறட்சி வந்தால் ஏதோ பாவம் இருக்கிறது என்று தேட வைப்பார்கள். இங்கேயும் முதல் கேள்வி, சோம்பல் உண்டா என்பதுதான். ஆனால் அதோடு விடாமல், நம் பலத்தால் ஆறுதலைப் பிடித்து வைக்க முடியாது என்று நமக்குத் தெரியவும் தேவன் அதை அனுமதிக்கலாம் என்கிறார்கள். எபேசியர் நாலாம் அதிகாரத்தில் பவுல், குழந்தைகளாக அலைகளைப்போல அடிபட்டு அலையாதிருங்கள் என்கிறாரே, அதற்குச் செய்முறை கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த காசு இந்த ஒரு பாடத்துக்கே சரியாகப் போயிற்று.

குறைகளும் உண்டு. மௌனத் தியானத்தில் மாலை உரை முக்கால் மணி நேரம் நீண்டது எனக்கு ஒட்டவில்லை. ராத்திரிச் சப்பாத்தி ஆறிப்போய் வரும். திருப்பலி என்கிற கத்தோலிக்க ஆராதனையில் எங்களைப் போன்ற புராட்டஸ்டன்ட்காரர்கள் நற்கருணை அப்பம் வாங்க முடியாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. மற்றபடி உபதேச வேறுபாட்டை யாரும் கிளறவில்லை.

அற்புதம், அபிஷேகம் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். வீட்டில் சமீபத்தில் துக்கம் நடந்தவர்கள், மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எட்டு நாள் மௌனம் எல்லாருக்கும் தாங்காது. லீவு கிடைக்காதவர்கள், வீட்டிலிருந்தபடியே தினம் ஒரு மணி நேரமாகப் பல மாதம் செய்யும் முறையைக் கேட்டு வாங்கலாம். மே மாதம் வருடாந்தரத் தியானத்துக்கு வரும் சிஸ்டர்களால் அறைகள் நிரம்பிவிடும். ஜூலைக்குப் பிறகு கேளுங்கள். அப்புறம், கொசுவர்த்தி நீங்களே கொண்டுபோங்கள்.